ஐந்து மணி நாற்பது நிமிடம்

ஆபீஸில் அவனுக்குக் கிலோமீட்டர் என்று பெயர். வைத்தது யாரென்று யாருக்கும் ஞாபகமில்லை. ஆனால் பெயர் பொருத்தம்தான், அதில் குறை சொல்ல முடியாது. இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர், விமானத்தில் போனால் எத்தனை மணி நேரம் என்று ஒரு நாளைக்கு நாற்பது பக்கம் எழுதுவான். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் யாராவது இந்தக் கேள்வியைப் போனில் தட்டினால் இவர்களுடைய இணையதளம் முதலில் வந்து நிற்க வேண்டும். கூடவே நாலு விளம்பரமும் வந்து நிற்கும். அதுதான் தொழில். இவ்வளவு எழுதுகிறவன் விமானத்தில் ஏறியதே இல்லை. விமான நிலையத்துக்கே ஒரு தடவைதான் போயிருக்கிறான், மூன்று வருடத்துக்கு முன்னால் மனைவியை அனுப்பி வைக்க.

வேலையில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. வரைபடத்தில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நேர்கோடு. கோட்டின் நீளத்தை எண்ணூறால் வகுத்தால் மணிக்கணக்கு. ஏறி இறங்க ஒரு அரை மணி சேர்த்துக்கொள்ள வேண்டும். கடைசிப் பத்தியில் 'இவ்விரு நகரங்களுக்கும் இடையே தினசரி நேரடி விமானங்கள் உண்டு' என்ற வரி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். எல்லாப் பக்கத்துக்கும் அதே வரிதான். உண்மையில் உண்டா இல்லையா என்று தேடிக்கொண்டிருந்தால் நாற்பது பக்கம் தேறாது. முதலாளி ஆரம்பத்திலேயே அதைச் சொல்லிவிட்டார்.

அவன் தன் பங்குக்குப் பக்கத்துக்கு ஒரு வரி சொந்தமாக எழுதிச் சேர்ப்பான். சூரியன் உதிக்கும்போது இறங்குவீர்கள், குளிரும், ஒரு போர்வை கேட்டு வாங்குங்கள் என்கிற மாதிரி. பார்க்காத வானத்தைப் பற்றி எழுதிய அந்த வரிகளில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. அது யார் குடியைக் கெடுக்கப்போகிறது என்று நினைத்திருந்தான்.

ஆபீஸ் மூன்றாவது மாடி. கீழே இரண்டு மாடியும் டைல்ஸ் கடை. ஜன்னல் கண்ணாடிகள் திறக்காத வகை. அவசர வழி என்று எழுதிய கதவுக்கு முன்னால் டைல்ஸ் பெட்டிகளைக் கூரை வரை அடுக்கி வைத்திருந்தார்கள். வாசல் கதவில் விரலை வைத்தால்தான் திறக்கும். அதுவும் இவர்கள் ஆறு பேர் விரலுக்கு ஒரு நாளைக்கு நாலே முறைதான் மதிப்பு, காலையில் வர ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் போக ஒன்று, வர ஒன்று, சாயங்காலம் வீட்டுக்குப் போக ஒன்று. நடுவில் வெளியே போக வேண்டுமென்றால் முதலாளியின் விரல் வேண்டும். அவர் விரலைச் சும்மா கொடுக்கிற ஆளில்லை.

மனைவி கடல் தாண்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் மேற்பார்வை வேலையில் இருந்தாள். வீட்டில் அவனும், ஒன்பது வயது மகளும், கணவன் இல்லாத அவனுடைய அக்காவும். மகளுக்கு வீட்டில் வாலு என்று பேர். வாலுவின் இடது காதுச் செவிப்பறையில் ஓட்டை. பேசுகிறவர்கள் அவளுடைய வலது பக்கம் போய்ப் பேச வேண்டும். ஓட்டையை அடைத்துவிடலாம் என்றார் டாக்டர். வெளியூரிலிருந்து மாதத்தில் ஒரு திங்கட்கிழமை மட்டும் வருகிறவர் அவர். குறித்த நாளை விட்டால் அடுத்த இடம் நாலு மாதம் கழித்துத்தான், அதற்குள் சீழ் பிடித்தால் பாடு திண்டாட்டம் என்றும் சொல்லிவிட்டார்.

வாலு ஒப்புக்கொள்ள ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்தால்தான் ஆபரேஷன் அறைக் கதவுக்குள் போவாள். டாக்டர் சிரித்து, கதவு வரைக்கும் அம்மா வரலாம் என்று அனுமதி கொடுத்தார். அவனும், அம்மா வருவாள், நான் பொறுப்பு என்று மகள் தலையில் கை வைத்துச் சொன்னான்.

மனைவிக்கு விடுப்பு கிடைப்பது குதிரைக் கொம்பு. நாற்பது நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும், கொடுத்த தேதியை மாற்ற முடியாது, மூன்று நாளுக்கு மேல் கேட்கவே கூடாது. அவள் போனில் அவனிடம்தான் யோசனை கேட்டாள். சனிக்கிழமை மதியத்திலிருந்து கேட்கட்டுமா, ஞாயிற்றுக்கிழமை மதியத்திலிருந்து கேட்கட்டுமா?

"ஞாயித்துக்கிழமையே போதும்" என்றான். "சாயங்காலம் நாலு மணிக்கு ஏறினா ராத்திரி பத்துக்குள்ள இங்க இறங்கிடுவே. சனிக்கிழமையை ஏன் வீணாக்கறே? அந்த ஒரு நாள் பின்னாடி சேர்ந்தா பிள்ளைகூட இருக்கலாம்."

"நான் வந்தப்போ இருபது மணி நேரம் ஆச்சேங்க?"

"அது அப்போ. இப்போ நேரடி விமானம் இருக்கு. நாலாயிரத்து நூத்து முப்பது கிலோமீட்டர். அஞ்சு மணி நாப்பது நிமிஷம்."

வாய்க்கு வந்ததை அவன் சொல்லிவிடவில்லை. முந்தின நாளே கம்பெனிப் பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தான். போன வருடம் அதை எழுதியது அவன்தான் என்பது மங்கலாக ஞாபகம் இருந்தது. அதனால், தன் எழுத்தைத் தானே நம்பக்கூடாது என்று வேறு இரண்டு இணையதளங்களிலும் தேடினான். இரண்டிலும் மேலே அதே ஐந்து மணி நாற்பது, கீழே அதே நேரடி விமானம். மூன்று இடத்தில் ஒரே மாதிரி இருந்தால் அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நடுவில் எழுதியிருந்ததை அவன் படிக்கவில்லை.

"சரிங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். உங்க வேலையே அதுதானே" என்றாள் மனைவி. அன்றே ஞாயிறு மதியத்திலிருந்து என்று எழுதிக் கொடுத்தும் விட்டாள்.

ஆபரேஷனுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிக்கெட் எடுக்கத் தெருமுனை டிராவல்ஸுக்குப் போனான். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் தேதியைப் போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். நேரடி விமானமெல்லாம் கிடையாது, எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஞாயிறு நாலு மணிக்கு ஏறினால் நடுவில் வேறொரு ஊரில் இறங்கி ராத்திரி முழுக்கக் காத்திருக்க வேண்டும். மறுநாள் காலை ஏழு பத்துக்கு அடுத்த விமானம். இங்கே வந்து சேரும்போது பதினொன்று இருபது. மொத்தம் பத்தொன்பது மணி இருபது நிமிடம். இருப்பதிலேயே சீக்கிரம் வருவது இதுதான்.

ஆபரேஷன் காலை ஏழரைக்கு. போனை எடுத்து அந்த இரண்டு இணையதளங்களையும் அவளுக்குக் காட்டினான். அவள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இதெல்லாம் வேலையத்தவன் எவனாவது உட்கார்ந்து எழுதறது சார். இதை நம்பியா பிளான் போட்டீங்க?"

போனைத் திருப்பி வாங்கியவன் அப்போதுதான் நடுப்பத்தியைப் படித்தான். 'இடது பக்க ஜன்னல் இருக்கை கேட்டு வாங்குங்கள். கடைசி ஒரு மணி நேரம் கீழே கடல் மட்டுமே தெரியும்.' அடுத்த இணையதளத்திலும் அதே கடல், அதே ஜன்னல். ஒரு எழுத்து மாறவில்லை. அது அவன் எழுதிய வரி. இரண்டு பேரும் இவன் பக்கத்தை அப்படியே சுட்டுப் போட்டிருந்தார்கள். சாட்சி சொன்ன மூன்று பேரும் அவனேதான்.

மனைவியிடம் அன்றே சொல்லிவிட்டான். டிக்கெட்டில் நேரம் அச்சடித்திருக்கும்போது சொல்லாமல் தப்ப வழியில்லை. முதலில் நேர்கோட்டைப் பற்றியும் எண்ணூறைப் பற்றியும் சுற்றி வளைத்துச் சப்பைக்கட்டுக் கட்டினான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அவளும் தன் மேலதிகாரியிடம் போய் நின்று பார்த்தாள். தேதி தேதிதான் என்று சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் திரும்பக் கூப்பிட்டு, "சரி" என்றாள். திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தாங்கியிருக்கும். "பிள்ளைகிட்ட நீங்கதான் சொல்லணும்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

சொல்ல வேண்டியது என்னவோ ஒரு வரிதான். உன்னை உள்ளே கொண்டுபோகும்போது அம்மா இருக்க மாட்டாள், நீ கண் விழித்த பிறகு வருவாள், தப்பு என் மேல். ஒரு நாளைக்கு நாற்பது பக்கம் எழுதுகிறவனுக்கு அந்த ஒரு வரி வாயில் வரவில்லை. முதல் நாள் அவளுக்குப் பள்ளியில் பரீட்சை. இரண்டாம் நாள் சிரித்துக்கொண்டிருந்தாள், கெடுப்பானேன் என்று விட்டான். மூன்றாம் நாள் அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அம்மா எத்தனை மணிக்கு விமானம் ஏறுவாள் என்று கேட்டாள். நாலு மணிக்கு என்றான். அது உண்மைதான். அப்புறம் என்று கேட்டாள். அப்புறம் வருவாள் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். ஏற்கெனவே ஒரு தடவை குளித்திருந்தான்.

நாள் போகப்போக வீடே அவனை நெருக்கியது. சாப்பாட்டு மேஜையில் அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து பழகியவன் இடப்பக்கம் மாறி உட்கார ஆரம்பித்தான். அந்தப் பக்கம் காது கேட்காது, பேச வேண்டியதும் இல்லை. அக்கா இதைக் கவனித்துவிட்டாள். கூடத்தில் துணி மடித்துக்கொண்டே, ஏன்டா ஊமைக் கோட்டான் மாதிரி இருக்கே, சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கடித்தாள். சொல்றேன் அக்கா, சொல்றேன் என்பான். காலையில் ஆபீஸ் கதவு பின்னால் சாத்திக்கொள்ளும்போது மூச்சு முட்டும். சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறக்கும்போதும் அதே மாதிரி முட்டும். நடுவில் இருக்கிற நாற்பது நிமிட பஸ் பயணத்தில் மட்டும்தான் கொஞ்சம் மூச்சு விட்டான்.

திங்கட்கிழமை விடுப்பு வேண்டுமென்றால் ஞாயிறு வந்து பாக்கியை முடித்துக் கொடு என்றார் முதலாளி. மதியத்துக்குள் முடித்துவிடலாம், மூன்று மணிக்குள் வீட்டுக்குப் போய், அம்மா விமானம் ஏறுவதற்குள் பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டியது என்று திட்டம் போட்டான். முதலாளி காலை ஒன்பதுக்கு வந்து விரலை வைத்து அவனை உள்ளே விட்டார். ஏதோ விசேஷத்துக்குக் கிளம்பிப் போனார்.

இரண்டு மணிக்கு எழுந்து கதவில் விரலை வைத்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு வைத்தான், வேறு விரலை வைத்தான், எச்சில் தொட்டுக்கூட வைத்துப் பார்த்தான். விடுமுறை நாளில் அந்தக் கதவுக்கு இவன் யாரென்றே தெரியவில்லை. முதலாளியின் போன் அணைந்து கிடந்தது. ஏசியும் ஞாயிற்றுக்கிழமை ஓடாது. திறக்காத கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கீழே இருந்த காவலாளியைக் கூப்பிட்டான். அவர் அண்ணாந்து பார்த்து, இவன் வணக்கம் சொல்கிறான் என்று நினைத்துத் தானும் கையை ஆட்டிவிட்டுப் போனார். டைல்ஸ் பெட்டியை நகர்த்தப் பார்த்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

மூன்றரைக்கு மனைவி, விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டேன் என்று செய்தி அனுப்பினாள். வீட்டுக்குப் போன் போட்டு நிலைமையைச் சொன்னான்.

"உள்ள மாட்டிக்கிட்டா என்னடா, கையில போன் இருக்குல்ல? இதுலயே சொல்லு" என்றாள் அக்கா. அவன் வேண்டாம் என்பதற்குள் போனை மகளிடம் கொடுத்துவிட்டாள்.

"என்னப்பா?"

சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "சாப்பிட்டியா?" என்றான்.

"சாப்பிட்டேன்" என்றாள். "வேற?"

"வேற ஒண்ணும் இல்லம்மா."

முதலாளி எட்டு மணிக்கு வந்து, அட, இங்கேயேவா இருக்கே என்று கேட்டுக் கதவைத் திறந்தார். வீட்டுக்கு வந்தபோது வாலு தூங்கிவிட்டிருந்தாள். சீக்கிரம் தூங்க வைக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். எழுப்பிச் சொல்லலாம்தான். இதையெல்லாம் எழுப்பியா சொல்வது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு விளக்கை அணைத்தான்.

காலையில் ஆட்டோவில் மூன்று பேர். அவனுக்கும் அக்காவுக்கும் நடுவில் வாலு. அவள் அம்மாவைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று அவன் நினைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் பச்சை அங்கி போட்டு, தலையில் தொப்பி மாட்டி, சக்கரப் படுக்கையில் படுக்க வைத்தார்கள். தாழ்வாரத்தின் கடைசியில் இரட்டைக் கதவு. அதற்கு முன்னால் தரையில் ஒரு மஞ்சள் கோடு, அதைத் தாண்டி யாரும் போகக்கூடாது. மணி ஏழு இருபத்தைந்து. அம்மா எங்கே, வரட்டும் என்று சொல்லியிருந்தாரே டாக்டர் என்று நர்ஸ் கேட்டாள். அக்கா அவனைப் பார்த்தாள். இனிமேல் ஒளிந்துகொள்ள இடமில்லை.

அவன் படுக்கையின் வலது பக்கம் போய்க் குனிந்தான். "அம்மா வந்து..." என்று ஆரம்பித்தான். அதற்கு மேல் வரவில்லை. கண்தான் நிறைந்தது.

"தெரியும்ப்பா" என்றாள் வாலு. "அம்மா இப்பதான் விமானத்துல ஏறியிருப்பாங்க. பதினொண்ணு இருபதுக்கு வருவாங்க."

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"டிக்கெட் எடுத்த அன்னிக்கே அம்மா போன்ல சொல்லிட்டாங்க. அப்பா ரொம்ப வருத்தத்துல இருக்காரு, அவரே வந்து சொல்லுவாரு, சொல்லும்போது அழுதுடாதேன்னாங்க. நானும் அழக்கூடாதுன்னு தினமும் ரெடியா இருந்தேன். நீங்க சொல்லவே இல்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. பரீட்சைக்குப் படித்துவிட்டுப் போய்க் கேள்வித்தாளே கொடுக்காமல் அனுப்பப்பட்ட பிள்ளை மாதிரி சொன்னாள். இத்தனை நாள் அவளுக்குக் கேட்காத பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தோம், அவளோ அங்கேயும் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்று நினைத்தபோது அவனுக்கு வெட்கமாக இருந்தது. அக்காவுக்கும் தெரிந்திருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. வீட்டில் ஒரு கதவும் பூட்டியிருக்கவில்லை.

"தப்பு என் மேலதாம்மா" என்றான்.

"கையைப் பிடிங்க. நேரமாச்சு" என்றாள் அவள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. மஞ்சள் கோடு வரைக்கும் பிடித்துக்கொண்டே போனான். கோட்டில் நர்ஸ் அவன் விரல்களைப் பிரித்துவிட்டாள். வாலு அழவில்லை. இரட்டைக் கதவு திறந்து, திரும்ப மூடிக்கொண்டது.

பத்து மணிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லி, தலையைச் சுற்றிக் கட்டோடு அவளை வெளியே கொண்டுவந்தார்கள். மனைவி வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். ராத்திரி முழுக்க விமான நிலைய நாற்காலியில் உட்கார்ந்திருந்ததில் கால் வீங்கியிருந்தது. பையைக்கூட இறக்காமல் படுக்கையில் உட்கார்ந்து தூங்குகிற பிள்ளையின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா காபி வாங்கப் போன பிறகுதான் பேசினாள்.

"இடது பக்க ஜன்னல் சீட்டு கேட்டு வாங்கினேன்."

அவனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது, அவன் எழுதிய பக்கத்தை அவளும் படித்திருக்கிறாள்.

"கடல் எங்கேயும் தெரியலைங்க. வெறும் மேகம்தான்."

"அது நானா எழுதினது" என்றான். "நான் பார்த்ததில்ல. எல்லாமே நானா எழுதினதுதான்."

"தெரியும். இருந்தாலும் கடைசி வரைக்கும் பார்த்துக்கிட்டே வந்தேன்."

பேச்சுச் சத்தத்தில் வாலு கண்ணைத் திறந்தாள். அம்மாவைப் பார்த்து மருந்து மயக்கத்திலேயே சிரித்தாள். அப்புறம், அம்மா திரும்பவும் எப்போது போகணும் என்று கேட்டாள். கேட்டது அம்மாவை அல்ல, அவனை. மனைவியும் அவன் முகத்தையே பார்த்தாள்.

அவன் எழுந்து படுக்கையைச் சுற்றி வந்து வலது காதுப் பக்கம் குனிந்தான். "நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு அம்மா இங்கிருந்து கிளம்பணும். போய்ச் சேர பத்தொன்பது மணி நேரம் ஆகும். சனிக்கிழமைல இருந்து லீவு கேட்கவான்னு அம்மா கேட்டாங்க, நான்தான் வேண்டாம்னேன். கேட்டிருந்தா காலையிலேயே உன்கூட இருந்திருப்பாங்க. இப்போ இன்னும் ஒரு நாள்தான் இருக்கு."

வாலு அதை யோசித்தாள். அம்மாவின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அப்போ நான் தூங்க மாட்டேன்" என்றாள்.

நாலு நிமிடத்தில் மருந்து அவளைத் தூங்க வைத்துவிட்டது. வாலு எழும் வரைக்கும் மனைவி கையை எடுக்கவில்லை. அவன் எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.